மைன்கிராஃப்ட் வீடு தீப்பெட்டி மாதிரி தெரிகிறதா?
பார்த்துப் பார்த்துக் கட்டினாலும் மைன்கிராஃப்ட் வீடியோ கேமில் உங்கள் வீடு தீப்பெட்டி மாதிரியே வந்து நிற்கிறதா? முதலில் அகலத்தை ஒற்றைப்படையில் வையுங்கள்: 7 அல்லது 9 பிளாக் (விளையாட்டின் கனசதுரக் கட்டை). அப்போதுதான் ஒற்றைக் கதவு நட்டநடுவில் உட்காரும், கூரை உச்சியும் ஒரே வரிசையில் முடியும்.

அடுத்து சுவர். முக்கியமான வேலை இதுதான். மூலைகளிலும் நடுநடுவேயும் மரத்தண்டுத் தூண் நிறுத்தி, சுவரை ஒரு பிளாக் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். அந்த ஒரு பிளாக் பள்ளம்தான் வீட்டுக்கே களை. ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி பிளாக் வேண்டாம். மெல்லிய கண்ணாடித் தகடு போடுங்கள். 6 கண்ணாடியில் 16 தகடு கிடைக்கும், சிக்கனமும்கூட. கூரையைப் படிக்கட்டு பிளாக்கால் போட்டு, சுவரைத் தாண்டி ஒரு பிளாக் இறவாரம் நீட்டுங்கள்.

சரி, வெளிச்சம்? 1.18 பதிப்பிலிருந்து ஒளி அளவு 0 இருக்கும் இடத்தில்தான் ஜோம்பி போன்ற எதிரிகள் முளைக்கும். அதனால் பத்தடிக்கொரு டார்ச் (தீப்பந்தம்) குத்தி அழகைக் கெடுக்க வேண்டியதில்லை. கணப்பு வைத்தால் மட்டும் சுற்றிலும் கல்லாகவே இருக்கட்டும். அழகுக்காகப் பக்கத்தில் மரப்பலகை வைத்து முழு மாடியையும் எரித்த ஆள் நான்.