ரிப்பேர் முடிந்து வந்த காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் சொட்டுகிறதா? இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பவர் ஸ்டீயரிங்கின் ஹோஸ், பம்ப், ரேக் (முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டு உள்ள பாகம்) என்று எதையாவது கழற்றி மாட்டிய கையோடு காருக்கு அடியில் ஆயில் சொட்டினால், உடனே மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். வேலையின்போது கொட்டிய ஆயில் இன்ஜினுக்கு அடியில் உள்ள சப்ஃபிரேம் சட்டத்தின் குழிகளில் தேங்கி நின்று, இரண்டு மூன்று நாள்கூடச் சொட்டும். அது பழைய மிச்சமா, புதுக் கசிவா என்று பிரிப்பதுதான் பாதி வேலை.

(இபிஎஸ் எனும் மின்மோட்டார் ஸ்டீயரிங்கில் பொதுவாக இந்த ஆயிலே கிடையாது. அங்கே சொட்டுவது வேறு ஏதோ.)

படி 1: எந்த ஆயில்?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் ஸ்டீயரிங்குக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் ஊற்றுவது சிவப்பு ஆயில்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மேல், ஆயில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அதேபோல் ஆறிய நிலையில் மட்டம் இறங்கியிருந்தால் சந்தேகம் உறுதி.

படி 2: சுத்தமாகத் துடையுங்கள்

ஆறிய இன்ஜினில் டீகிரீசரும் பிரஷும் கொண்டு பம்ப், பைப், ரேக் எல்லாவற்றையும் கழுவுங்கள். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் படக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஆயில் பட்ட இடம் ஈரத் திட்டாகக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

படி 3: அழுத்தம் ஏற்றிப் பாருங்கள்

ஸ்டீயரிங் நேராக நிற்கும்போது அழுத்தம் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் காரை ஐட்லிங்கில் வெறுமனே நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு ‘லீக் இல்லை’ என்று அனுப்பிவிடுவது இதனால்தான். இன்ஜினை ஓடவிட்டு, இன்னொருவரை உட்காரவைத்து, இரு பக்கமும் முழுசாக ஐந்தாறு முறை திருப்பச் சொல்லுங்கள். கடைசி எல்லையில் 5 வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, ஆயில் கொதித்துப் பம்ப் கெடும். கசியும் இடத்தைக் கையால் தடவாதீர்கள்: ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அடியில் புகுவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள்.

படி 4: மேலிருந்து கீழே தேடுங்கள்

சொட்டு விழும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. ஈரமாக இருப்பதிலேயே உயரமான இடம்தான் மூலம். அதிலும் ஸ்பேனர் பட்ட இணைப்புகளை முதலில் பாருங்கள்.

பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரஷர் பைப்பில் பாஞ்சோ போல்ட் (உள்ளே ஆயில் ஓடும் துளையுள்ள போல்ட்) இருந்தால், அதன் இரு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கித்தான் அது அடைக்கும். பழையதைக் கழற்றிப் பார்த்தால் முகத்தில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். அதையே திரும்பப் போட்டால் அந்தத் தடம் பழைய இடத்தில் சரியாக உட்காராது, ஆயில் வழி கண்டுபிடித்துவிடும். இன்னும் இறுக்குவது மருந்தல்ல, மரைதான் போகும். புது வாஷர், சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் அளவு), அவ்வளவுதான்.

ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் உள்ள இணைப்பில் ரிங்கை அதே ஆயிலில் தொட்டு மாட்ட வேண்டும். காய்ந்த ரிங் மரையின் விளிம்பில் உரசி, நகம் வெட்டியதுபோல் பிறையாக அறுந்துவிடும். சில கார்களில் இந்த இணைப்பு இறுகிய பிறகும் பைப் லேசாகச் சுழலும். அது அப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவு. கசிந்தால் கிளாம்ப் இடம் மாறியிருக்கும், அல்லது ஹோஸ் பைப்பின் புடைப்பைத் தாண்டி உள்ளே போயிருக்காது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் தளர்ந்தால் சொட்டாமலேயே காற்றை இழுக்கும்: பம்ப் முனகும், ஆயில் நுரைத்து மூடி வழியாக வழியும். இதைக் கசிவென்று நினைத்துப் பம்பையே மாற்றியவர்கள் உண்டு. ஹோஸைச் சரிசெய்து, முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஆஃப் செய்து, 15 முதல் 20 முறை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினால் காற்று வெளியேறும். இடையிடையே ஆயிலை நிரப்புங்கள். ஆறிய ஆயிலை டப்பாவில் சூடான ஆயிலுக்கான ‘ஹாட்’ கோடுவரை ஊற்றினாலும் சூடானதும் வழியும்.

ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. உறையை மாற்றுவதோ கிளாம்பை இறுக்குவதோ ஆயிலை ஒளித்துவைக்கும், அவ்வளவே. புது சீல் போட்டும் மறுபடி கசிந்தால், உள்ளே தண்டில் துரு அரித்த புள்ளிகள் இருக்கலாம், அவை சீலைச் சுரண்டிவிடும்.

பம்பில் பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் வட்டமாகத் தெறித்திருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல்.

இடம் தெரிந்ததும், பவுடர் கறுத்த திட்டைப் படமெடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். அதுவரை டப்பா காலியாக ஓட்டாதீர்கள், பம்ப் தேய்ந்துபோகும். சைலென்சர் பைப் மேல் சொட்டினால் ஓட்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.