2147483647-இல் சிக்கிய பகாக் காரணி நிரல்: என் அனுபவம்

கோத்தகிரியில் மாணவர்களுக்காக, ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கும் பகாக் காரணி நிரல் ஒன்றை சி மொழியில் எழுதினேன். 2147483646 கொடுத்தால் கண் இமைப்பதற்குள் 2, 3, 3, 7, 11, 31, 151, 331 என்று வந்துவிடும். ஒன்று கூட்டி 2147483647 கொடுத்தால் நிரல் லேசில் நிற்காது. ஆய்லர் 1772-லேயே பகா எண் என்று நிறுவிய எண் அது.

முதலில் பழைய கம்ப்யூட்டர், மலைக் கரண்ட் என்று பழியைப் போட்டேன். 2-க்குப் பிறகு ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுக்க மாற்றினேன்; பலனில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் மாற்றிப் பார்த்தேன். மூன்று நாள் போச்சு.

வகுக்கும் எண்ணை 'வ' என்போம். 'வ × வ ≤ எண்' என்பது உண்மையாக இருக்கும்வரை, 'வ'-வைக் கூட்டிக் கூட்டி வகுத்துப் பார்க்கும் சுற்று ஓடும். சி மொழியின் முழு எண் வகையான இன்ட் (int) வழக்கமாக 2147483647 வரைதான் தாங்கும். 46340-இன் வர்க்கம் 2147395600, இன்ட்டில் அடங்கும். 46341-இன் வர்க்கம் 2147488281, அடங்காது, பொதுவாக மைனஸாகப் புரண்டுவிடும். புரண்ட விடை எதுவானாலும் 2147483647-ஐத் தாண்டாதே, சுற்று எப்படி நேரத்துக்கு நிற்கும்? அதனால்தான் இன்ட்டின் உச்சத்தை ஒட்டிய பகா எண்களில் மட்டும் சிக்கல். பகு எண் என்றால் சின்னக் காரணி கிடைத்ததும் எண் சுருங்கிவிடும், குறை வெளியே தெரியாது.

எண்ணை மட்டும் இன்ட்டைவிடப் பெரிய வகையான லாங் லாங் (long long) ஆக்கியும் பார்த்தேன், அப்போதும் அதே கதை. 'வ' இன்ட்டாகவே இருந்தால் பெருக்கல் இன்ட்டில்தான் நடக்கும். ஒப்பிடுவதற்கு முன்பே புரண்டுவிடுகிறது.

நிபந்தனையை 'வ ≤ எண் ÷ வ' என்று மாற்றினேன். பெருக்கலே இல்லை, புரளவும் வழியில்லை. சுற்று முடிந்ததும் மீதி எண் 1-ஐவிடப் பெரிதானால் அதையும் அச்சிட வேண்டும். அந்த வரியை விட்டால் கடைசிக் காரணி காணாமல் போகும். இப்போது 2147483647 உடனே வருகிறது.