அமெரிக்கத் தேசிய மகளிர் கால்பந்து லீக்: ஒரு சீசனை முழுமையாகத் தொடர்ந்து பார்ப்பது எப்படி?

2013-இல் 8 அணிகளுடன் தொடங்கிய அமெரிக்கத் தேசிய மகளிர் கால்பந்து லீக்கில், 2024, 2025 சீசன்களில் 14 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் மோதியதால், ஓர் அணிக்கு 26 ஆட்டங்கள் கிடைத்தன. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, இந்த லீக்கில் இரண்டு பட்டங்கள் உண்டு என்பதாகும். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கு ஷீல்டு வழங்கப்படுகிறது. சாம்பியன் பட்டத்தையோ முதல் எட்டு இடங்களைப் பிடித்த அணிகள் நவம்பரில் ஆடும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றுதான் முடிவு செய்கிறது.

எல்லா அணிகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முயல வேண்டாம். ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லா ஆட்டங்களையும் பாருங்கள். ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தொடக்க பதினொருவர், கோல் விழுந்த நிமிடம், மாற்று ஆட்டக்காரர்கள் களமிறங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முன்னிலை பெற்ற பிறகு அணி பின்வாங்கித் தடுத்ததா, தொடர்ந்து முன்னேறித் தாக்கியதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் குறியுங்கள். என் அனுபவத்தில் சீசனின் கடைசியில் மிகவும் உதவும் குறிப்பு அதுதான்.

புள்ளிப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளிகள் சமமானால் முதலில் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். 2024-இல் ஆர்லாண்டோ பிரைட் 18 வெற்றி, 6 டிரா, 2 தோல்வியுடன் 54-உம் 6-உமாக 60 புள்ளிகள் சேர்த்து ஷீல்டை வென்றது. சீசனின் நடுவில் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருப்பதில்லை. ஆகவே, புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்துப் பார்ப்பது நல்லது. 14 ஆட்டங்களில் 24 புள்ளி பெற்ற அணியின் சராசரி ஏறக்குறைய 1.71, 12 ஆட்டங்களில் 22 பெற்ற அணிக்கு அது 1.83. பட்டியலில் கீழே நிற்பது போலத் தெரியும் இரண்டாவது அணிதான் உண்மையில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறது.

தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிறுத்தப்படும் நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காக லீக் ஆட்டங்கள் கோடையின் நடுவே நின்றன. இத்தகைய இடைவெளி முடிந்து வரும் முதல் இரண்டு ஆட்டங்களை வைத்து அணியின் தரத்தை முடிவு செய்துவிடக் கூடாது. நாட்டுக்காக ஆடித் திரும்பும் வீராங்கனைகளின் களைப்பு அந்த ஆட்டங்களில் தெரியும்.

சீசன் முடிவை நெருங்கும்போது பலர் முதலிடத்தை மட்டுமே பார்க்கிறார்கள். எட்டாம் இடத்துக்கான போட்டியையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். 2025-இல் கான்சாஸ் சிட்டி கரன்ட் 65 புள்ளிகளுடன் ஷீல்டை வென்றது. காலிறுதி அதன் சொந்த மைதானத்திலேயே நடந்தது. தொழில்முறை மகளிர் அணிக்கென்றே கட்டப்பட்டு 2024-இல் திறக்கப்பட்ட, 11,500 பேர் அமரக்கூடிய மைதானம் அது. ஆனால் எட்டாம் இடத்தில் இருந்து வந்த காதம் அணி, கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று கான்சாஸ் சிட்டியை வெளியேற்றியது. பின்னர் அரையிறுதியில் ஆர்லாண்டோவை 1-0 என்றும், இறுதியாட்டத்தில் 80-ஆவது நிமிடத்தில் ரோஸ் லாவெல் அடித்த கோலால் வாஷிங்டனை 1-0 என்றும் வென்று சாம்பியன் ஆனது.

2024 இறுதியாட்டமும் 1-0 என்றே முடிந்தது. ஆர்லாண்டோவுக்காக பார்ப்ரா பாண்டா 37-ஆவது நிமிடத்தில் கோல் அடித்த பிறகு, ஆட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட நேரம் அந்த ஒரு கோலை அணி காத்து நின்றது. பிளேஆஃப் தொடங்குவதற்கு முந்திய மாலையில் உங்கள் நோட்டுப்புத்தகத்தை எடுத்து, உங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்த ஆட்டங்களின் பக்கங்களை மட்டும் மறுபடி படித்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்க அமருங்கள்.