பேஸ்மென்ட் ஸ்டுடியோல பேஸ் காணாம போன கதை

டொரோண்டோல வீட்டு பேஸ்மென்ட்டை ரெக்கார்டிங் ரூமா மாத்தினேன், மிருதங்கத்தோட தொப்பி (கும்முனு பேஸ், அதாவது அடித்தொண்டை மாதிரி கனமான சத்தம் வர்ற பக்கம்) சத்தம் மட்டும் ஸ்பீக்கர்ல வரவே இல்ல, ஹெட்போன்ல தெளிவா இருக்கு. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினேன், காசுதான் போச்சு, அது ஹை பிட்ச் சத்தத்தைத்தான் உறிஞ்சும். ஸ்பீக்கரை நகத்தினேன், கேபிள் மாத்தினேன், நாலு நாள் வீண்.

அப்புறம் டெஸ்ட் பண்ண 80 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான பேஸ் சத்தம்) ஓடும்போது கீழ விழுந்த பேனாவ எடுக்க குனிஞ்சேன், சத்தம் குபீர்னு ஏறுது! எழுந்து நின்னாலும் ஏறுது. சீலிங் 7 அடி, உக்காந்தா காது சரியா 3.5 அடில, அந்த ஃப்ரீக்வென்சி சத்தம் தரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல மோதித் திரும்பி, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப்போற இடம். மேசையை உயர்த்தி, ஸ்பீக்கரையும் தூக்கி, நின்னுக்கிட்டே மிக்ஸ் பண்றேன். தொப்பி கும்முனு கேக்குது, கால்தான் வலிக்குது.