இடது கண் மட்டும் மெதுவாகத் திறந்தால்

இருட்டும் நேரத்தில் என் பழைய காரின் முன்விளக்கு சுவிட்சை இழுத்தேன். உள்ளே மறைந்திருந்து, சுவிட்சை இழுத்தால் மேலே எழும் விளக்குகள் அவை. வலது பக்க விளக்கு சட்டென்று எழுந்து நின்றது. இடது பக்கம் தூக்கக் கலக்கத்தில் பாதி திறந்த இமை மாதிரி நடுவழியில் நின்றுவிட்டது. நான் மனசுக்குள் ஆறு எண்ணி முடித்த பிறகுதான் மெல்ல மேலே வந்து பூட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, இடது கண்ணுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் இரண்டு மாதமும், விளக்கை ஏற்றி இறக்கும் பாகமான ஆக்சுவேட்டர் புதிதாக இரண்டும் வீணாயின. உங்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1971ஆம் வருடத்து செவர்லே கார்வெட். 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை கார்வெட்டுகள் எல்லாவற்றிலும் முன்விளக்கைத் தூக்கி இறக்குவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்தான். அதற்கு முந்தைய தலைமுறையிலும் பிந்தைய தலைமுறையிலும் மின் மோட்டார். நடுவில் இந்தப் பதினைந்து மாடல் வருடங்கள் மட்டும் இன்ஜினின் மூச்சை நம்பி ஓடின.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிப் பழுதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது, அதற்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாகிறது. ஒரு ஹோஸ் அதை செக் வால்வு வழியாக ஒரு டேங்குக்குக் கொண்டுபோகிறது. செக் வால்வு ஒருவழிக் கதவு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மேனிஃபோல்டில் வேக்குவம் சரியும். டேங்கில் சேர்ந்தது திரும்பிப் போகாமல் தடுப்பது இதுதான். டேங்கிலிருந்து தடித்த ஹோஸ் விளக்குக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு ரிலேக்களுக்குப் போகிறது. டாஷ்போர்டில் நாம் இழுக்கும் சுவிட்சின் பின்புறத்தில், மின் இணைப்போடு ஒரு சின்ன வேக்குவம் வால்வும் உண்டு. அது மெல்லிய ஹோஸ் வழியாக ரிலேக்கு உத்தரவு கொடுக்கும். அந்த உத்தரவுப்படி ரிலே தடித்த ஹோஸின் வேக்குவத்தை ஆக்சுவேட்டரின் ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, மறுபக்கத்தை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடும். ஆக்சுவேட்டர் என்பது நடுவில் ரப்பர் டயாஃப்ரம் வைத்த தகர டப்பா. வெளிக்காற்று டயாஃப்ரத்தைத் தள்ள, அதோடு சேர்ந்த கம்பி விளக்கைத் தூக்கும் அல்லது இறக்கும். கேஜில் பாதரச அளவில் 20 இன்ச் வேக்குவம் இருந்தால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் கிட்டத்தட்ட 10 பவுண்டு விசை விழுகிறது.

அதனால்தான் கைகளைப் பற்றி முதலிலேயே சொல்கிறேன். இன்ஜின் அணைந்திருந்தாலும் டேங்கில் வேக்குவம் இருக்கும். யாராவது சுவிட்சைத் தொட்டால் விளக்கு படாரென்று இறங்கும். விளக்குக் குழிக்குள் கைவிடும் முன் டேங்கின் ஹோஸைக் கழற்றி "உஸ்" என்று காற்று உள்ளே போய் அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு மேலே நிற்கும் விளக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுங்கள். நான் இன்றைக்கும் கட்டை வைக்காமல் கை விடுவதில்லை.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: ஒரு வேக்குவம் கேஜ், கேஜ் பொருத்திய கைப்பம்பு ஒன்று, ஹோஸின் நடுவில் கேஜை இணைக்க T வடிவ பிளாஸ்டிக் டி கனெக்டர் இரண்டு, ஹோஸ் முனைகளை அடைக்க ரப்பர் மூடிகள், காதில் வைத்துக் கேட்க ஒரு முழ நீளத்துக்குச் சும்மா ஒரு ஹோஸ். சோப்புத் தண்ணீர் வேண்டாம். டயர் பங்சரில் காற்று வெளியே வருவதால் குமிழி வரும். இங்கே காற்று உள்ளே போகிறது, சோப்புத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சூடான இன்ஜின் பக்கத்தில் அது தீப்பிடிக்கக்கூடியது, பெயிண்டையும் ரப்பரையும் கெடுக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் டி கனெக்டர் போட்டு அளந்து பாருங்கள். கம்பெனி கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) உள்ள ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 20 இன்ச் வரை காட்டும். உயரமான ஊர் என்றால் ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு இன்ச் குறையும், அது பழுது இல்லை. பந்தயக் கேம் மாற்றிய இன்ஜினில் அளவு நன்றாகவே குறைந்திருக்கலாம். அங்கே விளக்குகள் சோம்பினால் விளக்கைக் குறை சொல்ல முடியாது. மேனிஃபோல்ட் சரியாக இருந்தால் கேஜை டேங்கின் பக்கம் மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும். டேங்கில் குறைவு என்றால் நடுவில் உள்ள ஃபில்டரோ செக் வால்வோ அடைத்திருக்கிறது, அல்லது டேங்குக்கு அப்பால் பெரிய கசிவு இருக்கிறது.

அடுத்தது இன்ஜினை அணைத்துவிட்டு கேஜ் முள்ளைப் பார்ப்பது. என் கேஜில் முள் 18-ல் இருந்து கண்முன்னே இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் 5-க்கு வந்துவிட்டது. ஆக்சுவேட்டரை மாற்றும் முன் நான் இந்த ஒரு சோதனையைச் செய்திருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள காரில் இன்ஜினை அணைத்த பிறகும் ஓரிரு முறையாவது விளக்கை ஏற்றி இறக்க டேங்கில் இருப்பு இருக்கும்.

முள் இறங்கினால் கிளை கிளையாகத் துண்டிக்க வேண்டும். டேங்கிலிருந்து வெளியே போகும் எல்லா ஹோஸையும் கழற்றி மூடி போட்டுவிட்டு, டேங்கை மட்டும் கைப்பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். முள் நின்றால் டேங்க் நல்லது. நிற்காவிட்டால் துருப்பிடித்த தையலில் ஊசி நுனி அளவு ஓட்டை இருக்கலாம். டேங்க் தேறிய பிறகு ஒவ்வொரு கிளையாகத் திரும்ப இணைத்து, ஒவ்வொரு முறையும் முள்ளைப் பாருங்கள். எந்தக் கிளையை இணைத்ததும் முள் சரிகிறதோ அங்கேதான் ஓட்டை. பழைய ஹோஸைப் பிளையரால் நசுக்கி அடைக்காதீர்கள். அரை நூற்றாண்டு ரப்பர் அந்த இடத்திலேயே பிளந்து, இல்லாத கசிவை உண்டாக்கும்.

என் காரில் இடது விளக்கின் கிளையை இணைத்தேன், முள் அசையவில்லை. வலதும் அப்படியே. மூன்றாவது கிளையை இணைத்ததும் முள் சரிந்தது. அது வைப்பர் கதவின் கிளை. 1968 முதல் 1972 வரையான கார்வெட்டில் வைப்பர்களை மூடி மறைக்கும் ஒரு தனிக் கதவு உண்டு, அதைத் தூக்குவதும் இதே வேக்குவம். காதில் ஹோஸை வைத்துக்கொண்டு மறுமுனையை அந்த வழி நெடுக நகர்த்தினேன். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தீச்சுவர் பக்கத்தில் ஒரு இரும்புக் கிளிப்புக்குப் பின்னால் தேனீ இரைச்சல் போல் மெல்லிய சத்தம். கிளிப்பை நெம்பியதும் தெரிந்தது. ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப் உராய்ந்த இடத்தில், அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிதாகத் தெரியும். இன்ஜினை ஓடவிட்டுக் கட்டைவிரலால் அந்தக் கீறலை அழுத்தினேன். விரல் நுனியை அது இழுத்துப் பிடித்துக்கொண்டது, இரைச்சல் நின்றது. "சுவிட்சை இழும்மா" என்று மகளிடம் சொன்னேன். இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத் திறந்தன.

அப்படியானால் இடது பக்கம் மட்டும் ஏன் சுணங்கியது? கசிவு பொதுவானதுதான், இரண்டு விளக்குக்கும் வேக்குவம் குறைவாகத்தான் போனது. ஆனால் இடது விளக்கின் கீல் காய்ந்து இறுகியிருந்தது. வேக்குவம் தாராளமாக இருந்தபோது அந்த இறுக்கத்தை அது வென்றுவிட்டது. குறைந்ததும் இறுகிய பக்கம் முதலில் காட்டிக்கொடுத்தது. சுணங்கும் விளக்குதான் குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். புது ஆக்சுவேட்டர் போட்ட இரண்டு வாரம் விளக்குகள் ஒழுங்காக எழுந்ததும் என்னைத் திசைதிருப்பியது. பழைய ஆக்சுவேட்டரின் சிறு கசிவு நின்றதில் கொஞ்சம் வேக்குவம் மிச்சமானது, அவ்வளவுதான். கீறல் பெரிதாகப் பெரிதாகப் பழைய கதையே திரும்பியது.

கீலைச் சோதிக்க, டேங்கைக் காலி செய்துவிட்டு விளக்கைக் கையால் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று கனத்தால் கீல்களில் இறுகிய பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். அந்த கிரீஸ் ஆக்சுவேட்டரின் ரப்பரில் படக்கூடாது. ரப்பர் படும் இடத்துக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். விளக்கு எவ்வளவு இறங்கலாம் என்று நிறுத்தும் தடுப்பு போல்ட்டின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இறங்கினால் விளக்குச் சட்டம் ஃபைபர்கிளாஸ் விளிம்பில் மோதிப் பெயிண்ட் வெடிக்கும்.

ஆக்சுவேட்டர் மேலேயே சந்தேகம் என்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு வாய்க்குக் கைப்பம்பால் 15 இன்ச் கொடுத்து ஒரு நிமிஷம் பாருங்கள். பிறகு மறு வாய்க்கு. கம்பி வெளிவரும் பக்கம் மட்டும் முள் இறங்கினால் போனது கம்பியைச் சுற்றியுள்ள சீல். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். இரண்டு பக்கமும் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். அதற்குத்தான் முழு ஆக்சுவேட்டர் வேண்டும். ரிலேயைச் சந்தேகப்பட்டால் இடதையும் வலதையும் மாற்றிப் போடுங்கள். பழுது பக்கம் மாறினால் ரிலேதான். ரிலேயின் காற்றுத் துளையில் தூசி அடைத்தாலும் விளக்கு மெதுவாகும், ஏனென்றால் டயாஃப்ரத்தின் மறுபக்கத்துக்கு வெளிக்காற்று வந்து சேராது.

டாஷ்போர்டுக்குப் பின்னால் சீறல் கேட்டால் சுவிட்சையோ, ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியையோ பாருங்கள். விளக்கை எரியவிடாமல் தூக்கி மட்டும் வைக்க உதவும் சிறு வால்வு அது. பாதி நிலையில் விட்டிருந்தால் அதுவே கசியும். அங்கே கைவிடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது எல்லாம் ஒழுங்காக இருந்து, மேட்டில் முழுசாக மிதிக்கும்போது மட்டும் விளக்கு தயங்கினால் செக் வால்வு. கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும்.

பழைய லோட்டஸ் எலான் வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம், அதில் தனி டேங்க் கிடையாது. சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமே வேக்குவத்தைச் சேர்த்து வைக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டையானால் விளக்கு எச்சரிக்கிறது என்று எடுத்துக்கொண்டு சேஸிஸையே நன்றாகச் சோதியுங்கள்.

ஹோஸ் மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். பழைய ஹோஸ்களில் வண்ணக் கோடுகள் இருக்கும், அவை மங்கிப்போயிருந்தால் கழற்றும் முன்பே டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். உள்விட்டம் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். சுவர் மெல்லிய சிலிக்கான் ஹோஸ் வேக்குவத்தில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகும், வளைவுகளில் வேண்டாம். முனை மட்டும் தளர்ந்து, மீதி மிருதுவாக இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினால் போதும். மின் மோட்டாருக்கு மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். கசிவில்லாத வேக்குவம் வருடக்கணக்கில் தொந்தரவு தராது என்பது என் அனுபவம், நான் மாற்றவில்லை.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு அணைத்துவிட்டு கேஜைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் எழுந்ததும் முதலில் முள்ளைப் பாருங்கள். கீறல் விழுந்த ஹோஸை மாற்றிய மறுநாள் என் கேஜ் 14 காட்டியது.