சின்ன மோட்டார் படகிலிருந்து மீன்பிடி கயாக்குக்கு மாறுவது எப்படி?

மீன் கிடைக்கும் இடம் துடுப்புப் போட்டுப் போக முடியாத தூரத்தில் இருந்தால், கயாக் என்ற ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகை ஒரு ஃபைபர் மோட்டார் படகின் பின்னால் கட்டி இழுத்துப் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். மாறுகிற அந்த அரை நிமிடத்தில்தான் ஆபத்து அதிகம். லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் விழுந்தால் நனைவோம், அவ்வளவுதான். படகுக்கும் கயாக்குக்கும் நடுவே கை நசுங்குவதும், சுற்றும் ப்ரொப்பெல்லர் பக்கம் விழுவதும் அப்படியல்ல. அதனால் முதல் பழக்கம் இடுப்பளவுத் தண்ணீரில், காற்று எழும்பாத காலை நேரத்தில் இருக்கட்டும். பாக் நீரிணைக் கரையோரம் போன்ற ஆழமில்லாத இடம் இதற்கு ரொம்ப வசதி.

முதல் வேலை, எஞ்சினை அணைப்பது. நியூட்ரல் போதாது, சில எஞ்சின்களில் நியூட்ரலிலும் ப்ரொப்பெல்லர் மெல்லச் சுற்றும். அணைத்த பிறகு, எஞ்சினை நிறுத்துவதற்கென்றே இருக்கும் அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்ததும் படகு தாங்க முடியாமல் ஆடுகிறதா? அன்றைக்கு மாறவே வேண்டாம்.

அடுத்தது கயாக். தூண்டில் கழிகளைப் படுக்க வைத்துக் கட்டுங்கள், கொக்கிகளைப் பெட்டிக்குள் போடுங்கள். காலால் மிதித்து ஓட்டும் கயாக் என்றால் அடியில் இருக்கும் துடுப்பை மேலே தூக்கிவிடுங்கள்.

எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். காற்று முதலில் படகில் பட வேண்டும். கயாக் அதன் மறைவில் நிற்க வேண்டும். படகு உயரமானது என்பதால் காற்று அதைத்தான் வேகமாகத் தள்ளும். கயாக் மறைவில் இருந்தால் படகு கயாக்கை ஒட்டியே நகரும், அங்கே அலையும் அடங்கி இருக்கும். மறுபக்கம் நிறுத்தினால் படகு விலகிக்கொண்டே போகும். உங்கள் கால் கயாக்கிலும் இடுப்பு படகிலுமாக நடுவில் தொங்குவீர்கள். இரண்டின் அணியமும், அதாவது முன்முனையும், ஒரே திசையில், கயாக் இருக்கை படகின் நடுப்பகுதிக்கு நேராக, எஞ்சினிலிருந்து தள்ளி இருக்கட்டும். நடுவே ஒரு பழைய டயர்த் துண்டைத் தொங்கவிடுங்கள். கயாக்கின் முன்கயிற்றை முடிச்சுப் போடாமல் ஒரு சுற்று மட்டும் சுற்றி, கூட வந்தவர் உட்கார்ந்தபடி பிடித்திருக்க வேண்டும். சட்டென்று விடவேண்டி வரலாம்.

சரி, இப்போது மாறலாம். எழுந்து நிற்கவே கூடாது. படகு விளிம்பில் உட்கார்ந்து, கால்களை வெளியே போட்டு, இரண்டு பாதங்களையும் கயாக்கின் நடுக்கோட்டில், இருக்கைக்கு முன்னால் வையுங்கள். ஓரத்தில் மிதித்தால் கயாக் புரளும். ஒரு கை படகு விளிம்பின் மேல், மறு கை இருக்கையின் நடுவில். விரல்கள் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டாம். உடம்பைக் கயாக்கின் அணியம் பக்கம் திருப்பிக்கொண்டே ஒரே மூச்சில் இருக்கையில் இறங்குங்கள். பாதி இறங்கி யோசிக்காதீர்கள். ஆட்டம் நிற்கும்வரை படகை விடாதீர்கள்; அப்புறம்தான் துடுப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

திரும்பிப் படகில் ஏறுவது இன்னும் கடினம். கயாக்கைக் காலால் உந்தி எழும்பினால் அது விலகி ஓடிவிடும். இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, நெஞ்சை அதன் மேல் சாய்த்து, உள்ளே உருளுங்கள். படகில் இருப்பவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். விளிம்பு உங்கள் தோளுக்கு மேல் இருந்தால் இந்த வழி வேண்டாம். தண்ணீரில் இறங்கி ஏணி வழியாக ஏறுங்கள். அப்போதும் எஞ்சின் அணைந்தே இருக்க வேண்டும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் முதலில் இரண்டுக்கும் நடுவிலிருந்து விலகி நீந்துங்கள். பிறகு கயாக்கின் வெளிப்பக்கம் போய், காலை உதைத்து, வயிறு இருக்கையின் மேல் படும்படி குறுக்கே ஏறுங்கள். புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே இழுங்கள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தண்ணீரில் கிடக்கும் கயிறு முழுவதையும் மேலே இழுத்துவிட்டு, ப்ரொப்பெல்லர் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்த பின்பே எஞ்சினைக் கிளப்புங்கள்.