கிராண்ட் டூரில் ஸ்டேஜ்களை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள்

கிராண்ட் டூர் என்று சொல்லப்படும் மூன்று வாரச் சைக்கிள் பந்தயங்களான டூர் டி பிரான்ஸ் (டூர்), ஜிரோ, வுவெல்டா மூன்றிலும் கணக்கு ஒன்றுதான்: ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ், 21 ஸ்டேஜையும் சேர்த்து யாருடைய மொத்த நேரம் குறைவோ அவருக்கே பட்டம். இது தெரிந்தவர்களே பந்தயம் சூடுபிடித்ததும் "அவர் மூணு ஸ்டேஜ் ஜெயிச்சுட்டாரே, இவர் ஒண்ணுகூட ஜெயிக்கலையே" என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அங்கேதான் முதல் தவறு. எல்லா வெற்றிக்கும் எடை ஒன்றல்ல. சமதளத்தில் கூட்டமாக வந்து முடித்தால் அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரம்தான், ஜெயித்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 10 விநாடி போனஸ். டூரில் 35 ஸ்டேஜ் ஜெயித்த மார்க் கேவண்டிஷ் மொத்தப் பட்டத்துக்கான போட்டியில் ஒருபோதும் இருந்ததில்லை, அது அவர் வேலையும் இல்லை. 1976 டூரில் ஃபிரெடி மார்ட்டென்ஸ் 8 ஸ்டேஜ் ஜெயித்து மொத்தத்தில் எட்டாவதாக வந்தார், ஒரே ஒரு ஸ்டேஜ் ஜெயித்த லூசியன் வான் இம்ப் பட்டத்தைக் கொண்டுபோனார்.

இதற்கு சைமன் யேட்ஸை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2018 ஜிரோவில் மூன்று ஸ்டேஜ் ஜெயித்து, மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியோடு கடைசி மலைகள் வரை வந்தவர், 19-வது ஸ்டேஜில் ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தில் சரிந்து அந்த ஒரே நாளில் அரை மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். 2025-ல் அதே ஃபினெஸ்ட்ரேயில், பட்டத்துக்குப் போட்டியிட்ட டெல் டோரோவும் கராபாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தனியாகக் கிளம்பிப் போய் ஜிரோவையே ஜெயித்தார். அன்றைய ஸ்டேஜ்கூட அவருடையதில்லை, முன்கூட்டியே பிரிந்து முன்னால் போன சிறு கூட்டத்தில் (பிரேக்அவே) இருந்த கிறிஸ் ஹார்ப்பருக்குப் போனது. மூன்று வாரத்தில் யேட்ஸ் ஜெயித்த ஸ்டேஜ் பூஜ்யம்!

ஸ்டேஜ் ஜெயிக்காத சாம்பியனை அரைகுறைச் சாம்பியன் என்று பேசுவது இன்னொரு தவறு, எனக்கு இதுதான் அதிகம் எரிச்சல். லெமாண்ட் 1990-லும் ஃப்ரூம் 2017-லும் டூரை அப்படித்தான் ஜெயித்தார்கள். ஃப்ரூமுக்குப் பின்னால் 54 விநாடியில் இரண்டாவதாக வந்த உரானிடம் ஸ்டேஜ் வெற்றி இருந்தது, ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரையல்களில் ஃப்ரூம் எடுத்த முன்னிலையை அவரால் ஈடுகட்ட முடியவில்லை.

சரி, அதற்காக ஸ்டேஜ் வெற்றியால் பிரயோஜனமே இல்லை என்று மறுகோடிக்கும் போய்விட வேண்டாம். 2020 வுவெல்டாவில் ரோக்லிச் கராபாஸை வீழ்த்தியது வெறும் 24 விநாடியில். அவர் ஜெயித்த நான்கு ஸ்டேஜில், போனஸ் இல்லாத டைம் ட்ரையலைத் தள்ளிவிட்டால் மிச்சம் மூன்று, அந்த மூன்றுக்கும் தலா 10 விநாடி போனஸ், நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். போகாச்சர் 2024-ல் ஜிரோவில் 6, டூரில் 6 என்று அள்ளியதும் உண்மைதான். அப்புறம் பார்த்தால் அவர் மலையில் தனியாகப் போய் நிமிடக்கணக்கில் நேரம் எடுத்தார், ஸ்டேஜ் அதோடு சேர்ந்து வந்தது.